ஆயிரம் துண்டு வானம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய நட்சத்திர வரைபடங்களை வைத்து வரும் ஜிக்சா புதிர்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "எல்லாத் துண்டும் ஒரே நிறமா இருக்கு!" அதிலேயே தொடங்குவோம்.

இரண்டு பெரிய வட்டங்கள் உள்ள பழைய நட்சத்திர வரைபடம், 1000 துண்டு. ஓரத்தை முடித்து இரண்டு வாரம் ஆகிறது. அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. எல்லாம் வெளுத்த பழுப்பு. எங்கே தொடங்குவது?
– வாசகி, செந்தூல்

முடித்த ஓரத்தையே முதலில் எண்ணிப் பாருங்கள். பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும், நேர்வரிசையாக வெட்டிய புதிர்களில் பெரும்பாலும் 38 × 27, அதாவது 1026 துண்டுகள் இருக்கும். சிலவற்றில் 40 × 25. எதுவானாலும் மூலைகளையும் சேர்த்து ஓரத் துண்டுகள் 126. இந்த வகைப் படங்களில் ஓரம் வெறும் வெள்ளைக் காகிதமாக இருப்பதால் ஒரு தொல்லை வரும். மேல் ஓரத்தில் ஒன்றும் கீழ் ஓரத்தில் ஒன்றும் விடுபட்டால்கூடச் சட்டம் அழகாக மூடிக்கொள்ளும். உள்வரிசை போடும்போதுதான் எதுவும் சேராமல் அடம் பிடிக்கும். இரண்டு வாரம் நகராமல் நிற்கிறது என்றால் எங்கள் முதல் சந்தேகம் அதுதான்.

எண்ணிக்கை சரியாக இருந்தால், நிறத்தைப் பார்த்துப் பிரிப்பதை நிறுத்திவிட்டுக் கோட்டைப் பார்த்துப் பிரியுங்கள். ஆறேழு தாப்பாவ் டப்பா மூடிகள் போதும். அளவுகோல் போலச் சின்னக் கட்டங்கள் ஓடும் வளைவுத் துண்டுகள் ஒன்றில். பெரிய எழுத்துகள் ஒன்றில். நேர்கோடு மட்டும் குறுக்கே போகிறவை ஒன்றில். அழுத்தமான வண்ணம் உள்ள உருவங்கள் ஒன்றில். மூலைகளில் வரும் மேகம், இறகு, குழந்தைத் தேவதைகள் ஒன்றில். பால்வீதியின் புள்ளிப் பட்டை தனியாக. எதிலும் சேராத வெற்றுத் துண்டுகளைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அவற்றுக்குக் கடைசி வாரத்தில்தான் வேலை.

அடுத்து வட்டத்தின் விளிம்பு. 70 × 50 செ.மீ. புதிரில் ஒரு வட்டம் ஏறக்குறைய 30 செ.மீ. குறுக்களவு இருக்கும். அதன் விளிம்பு 60க்கும் மேற்பட்ட துண்டுகள் வழியாகப் போகும், ஆக ஒரு துண்டுக்கு 5 அல்லது 6 பாகை. பழைய வரைபடங்களில் பத்துப் பாகைக்கு ஓர் எண் போடுவது வழக்கம். இரண்டு துண்டுக்கு ஒருமுறை 10, 20, 30 என்று ஏதாவது ஓர் எண் கண்ணில் படும். ஒரு ராசிக்கு 30 பாகை என்பதால் ஐந்தாறு துண்டுக்கு ஒரு ராசிக் குறி. எண்ணைப் பிடித்துக்கொண்டு அடுக்கினால் நிறமே தேவையில்லை.

எண் இடமிருந்து வலமாக ஏறுகிறதா, வலமிருந்து இடமா என்பதையும் பாருங்கள். வடவானத்தைக் காட்டும் வட வட்டத்தில் ஒரு திசையில் சுற்றும் ராசிகள், தென்வானத்தைக் காட்டும் தென் வட்டத்தில் எதிர்த்திசையில் சுற்றும். மேஷத்துக்குப் பிறகு ரிஷபம் எந்தப் பக்கம் வருகிறது என்று பெட்டிப் படத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், விளிம்புத் துண்டு எந்த வட்டத்துக்கு உரியது என்று கையில் எடுத்தவுடனே சொல்லிவிடலாம்.

விளிம்பு முடிந்ததும் மையத்துக்குப் போங்கள். ராசி உருவங்கள் விளிம்பை ஒட்டியே சுற்றி நின்றால், அந்தப் படத்தின் மையம் துருவ நட்சத்திரம் கிடையாது, சூரியப் பாதையின் (ராசிகள் வழியாகச் சூரியன் ஆண்டு முழுதும் போகும் வழி) துருவம். வடக்கில் அது டிராகனின் உடல் சுருண்டு வளையும் இடத்தில் விழும். ஆகவே டிராகனின் செதில் உள்ள துண்டுகளை நடுவில் வைத்துப் பாருங்கள். விளிம்பில் ராசிகள் இல்லாமல் வட்டத்துக்குள்ளேயே சாய்ந்த ஒரு வளைவில் ஓடினால், மையம் வானத்தின் துருவம்; சின்னக் கரடியின் வால் நுனி அங்கே வரும். மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் ஆரக்கோடுகளைச் சேர்த்துவிட்டால் வட்டம் பீட்சா போலப் பன்னிரண்டு கூறாகும். அதன்பின் ஒவ்வொரு கூறும் ஏறக்குறைய 20 துண்டுள்ள தனிப் புதிர்தான்.

மிச்சமிருக்கும் வெற்றுத் துண்டுகளை வடிவம் பார்த்துப் பிரிக்க வேண்டும். வெளியே நீட்டும் குமிழ் இல்லாதது, ஒன்று உள்ளது, எதிரெதிரே இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, மூன்று, நான்கு என்று ஆறே வகை. ஓட்டையைப் பார்த்து வகையைச் சொல்லி, அந்தக் குவியலை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சலிப்பான வேலை, குறுக்குவழி கிடையாது.

விளக்கையும் மாற்றுங்கள். மஞ்சள் விளக்கில் பழுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். 5000 முதல் 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை எல்இடி பல்பைப் பக்கவாட்டில் வையுங்கள். தவறாக உட்கார்ந்த துண்டு சற்றே தூக்கிக்கொண்டு நிற்பதும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும்.

என் புதிரில் சிங்கம் இடப்பக்கம் பார்க்கிறது. கைப்பேசியில் உள்ள வானச் செயலியில் வலப்பக்கம் பார்க்கிறது. படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டார்களா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

எழுத்துகளைப் பாருங்கள். அவை நேராக இருந்தால் அச்சில் பிழையில்லை.

அந்தக் காலத்தில் வானத்தை இரண்டு விதமாக வரைந்தார்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பது போல வரைவது ஒன்று. வானத்தை ஒரு பெரிய உருண்டையாக வைத்து, அதற்கு வெளியே நின்று பார்ப்பது போல வரைவது இன்னொன்று. வான உருண்டை செய்கிறவர்கள் இரண்டாவது முறையில்தான் செய்தாக வேண்டும், அந்தப் பழக்கம் தட்டை வரைபடங்களுக்கும் வந்தது. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1515இல் மரக்கட்டையில் வெட்டி அச்சிட்ட வரைபடமும், 1690இல் வெளிவந்த வானியலாளர் ஹெவேலியசின் வான ஏடும் (நட்சத்திர வரைபடத் தொகுப்பு) வெளியிலிருந்து பார்ப்பவை. பேயர் என்ற ஜெர்மானியர் 1603இல் வெளியிட்ட ஏடு தரையிலிருந்து பார்ப்பது.

உங்கள் புதிர் எந்த வகை என்று அறிய வேட்டைக்காரன் ஓரியனைப் பாருங்கள். வடக்கை மேலே வைத்தால், உண்மையான வானத்தில் திருவாதிரை இடது மேல் மூலையிலும் ரைஜல் வலது கீழ் மூலையிலும் இருக்கும். புதிரில் திருவாதிரை வலது மேலே வந்தால் அது வெளிப்பார்வைப் படம். அப்படியானால் செயலியைப் பார்த்துத் துண்டு தேடாதீர்கள். வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து போடும்போது ஒருவர் செயலியையும் இன்னொருவர் பெட்டியையும் பார்த்துச் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம்!

தென் வட்டத்தில் மயில், பச்சோந்தி, பறக்கும் மீன் எல்லாம் இருக்கின்றன. கிரேக்கக் கதைகளில் இவை வருவதில்லையே?
– ஆசிரியை, பட்டர்வொர்த்

வராது. கிரேக்கர்களின் கண்ணுக்கு அந்த வானம் எட்டவே இல்லை. நமக்குத்தான் எட்டும்.

1595இல் நெதர்லாந்திலிருந்து மிளகு தேடிக் கிளம்பிய கப்பல்களில் கெய்சர் என்ற மாலுமி இருந்தார். தென்வானத்து நட்சத்திரங்களை அளந்து வரும்படி வரைபடக்காரர் பிளான்சியஸ் அவரைப் பழக்கி அனுப்பியிருந்தார். கெய்சர் 1596இல் ஜாவாவின் பாந்தென் பக்கம் இறந்துபோனார். அவருடைய அளவுகள் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தன. அவற்றிலிருந்து பன்னிரண்டு புதிய உருவங்கள் பிறந்தன: மயில், நாரை, பீனிக்ஸ், டூக்கான், சொர்க்கப் பறவை, பறக்கும் மீன், டொராடோ மீன், பச்சோந்தி, நீர்ப்பாம்பு, ஈ, தென்முக்கோணம், இந்தியன். பேயரின் 1603 ஏட்டில் இந்தப் பன்னிரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

அதே பயணத்தில் போன பிரடெரிக் டி ஹௌட்மன் அடுத்த பயணத்தில் ஆச்சேயில் சிறைப்பட்டார், 1599 முதல் 1601 வரை. பினாங்கிலிருந்து நீரிணையைத் தாண்டினால் சுமத்ரா. அதன் வட முனைதான் ஆச்சே. சிறையிருந்த காலத்தில் அவர் மலாய் மொழியும் கற்றார், தென்வானத்தையும் மேலும் அளந்தார். 1603இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் அச்சிட்ட மலாய் அகராதியின் பின்னிணைப்பாக 303 நட்சத்திரங்களின் பட்டியல் வந்தது. நட்சத்திரப் பட்டியலை மலாய்ச் சொற்களுக்குப் பின்னால் தேட வேண்டியிருந்ததை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

புதிர் போட இதனால் என்ன பயன்? தென் வட்டத்தின் நடுப்பகுதி காலியாக இருந்தால், உங்கள் வரைபடம் இந்தப் பயணங்களுக்கு முந்தையது. டியூரரின் தென் வட்டம் அப்படித்தான் வெறிச்சென்று கிடக்கும். அதைப் போடுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். பறவைகளும் மீன்களும் நெருக்கமாக இருந்தால் பிந்தியது, போடுவதற்கும் எளிது. இதே வட்டத்தில் பாய்மரமும் கயிறுகளுமாக ஒரு பெரிய கப்பல் இருக்கும். ஆர்கோ என்ற அந்தக் கப்பலைப் பிற்காலத்தில் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 1922இல் அனைத்துலக வானியல் சங்கம் ஏற்ற 88 நட்சத்திரத் தொகுதிகளில் ஆர்கோ என்ற பெயரே இல்லை. கயிறுகள் நேர்கோடுகள் என்பதால் தென் வட்டத்தில் முதலில் கட்ட வேண்டியது கப்பலைத்தான். அதன் சுக்கான் பக்கம் இருக்கும் பெரிய நட்சத்திரம் நம் அகத்தியர்.

நம்முடைய 27 நட்சத்திரங்களை இந்தப் படத்தில் அடையாளம் காண முடியுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பிரகாசமானவற்றை எளிதாகக் காணலாம். புதிருக்கும் அவை நல்ல பிடி, ஏனென்றால் பெரிய நட்சத்திரங்களைப் பல முனைகளோடு பெரிதாகச் செதுக்கியிருப்பார்கள். காளையின் கண் ரோகிணி. அதன் தோளில் கொத்தாக இருப்பது கார்த்திகை. இரட்டையரின் இரண்டு தலைகள் புனர்பூசம். சிங்கத்தின் மார்பில் மகம். கன்னியின் கையில் உள்ள கதிர் சித்திரை. கரடியை விரட்டும் இடையனின் கால்களுக்கு அருகே சுவாதி. தேளின் நெஞ்சில் கேட்டை, அதன் கொடுக்கில் மூலம். கழுகின் உடலில் திருவோணம். பெரிய கரடியின் வால் நடுவில் வசிஷ்டரும், ஒட்டினாற்போல அருந்ததியும். துண்டின் வெட்டு அவர்கள் மேல் விழாமல் இருந்தால் இருவரையும் பார்க்கலாம்.

துருவ நட்சத்திரம் படத்தில் கம்பீரமாக இருக்கும். ஆனால் கோலாலம்பூர் 3 பாகை, பினாங்கு 5 பாகை வடக்கில்தான் இருக்கின்றன. அதனால் இங்கே அது அடிவானத்தை ஒட்டியே கிடக்கும், கட்டடங்களுக்குப் பின்னால்.

மேஷ ராசி இருக்க வேண்டிய இடத்தில் ஆடு இல்லை, தாடி வைத்த பெரியவர் ஒருவர் நிற்கிறார். கலப்படப் புதிரா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

அசல்தான். 1627இல் ஷில்லர் என்பவர் வானத்து உருவங்களை எல்லாம் கிறிஸ்தவ உருவங்களாக மாற்றி ஓர் ஏடு வெளியிட்டார். பன்னிரண்டு ராசிகளுக்குப் பன்னிரண்டு சீடர்கள். மேஷத்தில் நிற்பவர் பேதுரு. ஆர்கோ கப்பல் நோவாவின் பேழை ஆனது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆனால் 1660இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த வரைபடக்காரர் செல்லாரியசின் ஏட்டில் உள்ள 29 படங்களில் அந்தக் கிறிஸ்தவ வானமும் இடம்பெற்றது. படங்கள் மிக அழகானவை என்பதால் புதிர் நிறுவனங்கள் செல்லாரியசை விடுவதே இல்லை. உங்களுக்குக் கிடைத்தது அந்தப் படமாக இருக்கும். ஆடு, காளை, தேள் என்று தேடாமல் மனித முகங்களையும் அங்கி மடிப்புகளையும் பிரித்து வையுங்கள்.

ஒரே வரைபடம் ஒரு நிறுவனத்தின் புதிரில் நீலமாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் இருப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இவை செப்புத் தகட்டில் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சிட்டவை. வண்ணம் பிறகு பிரதி பிரதியாகக் கையால் தீட்டியது. எந்தப் பிரதியைப் படமெடுத்தார்களோ அந்த வண்ணம்தான் வரும்.

மழைக்காலத்தில் துண்டுகள் உப்பி, சேர மறுக்கின்றன. வெயிலில் காய வைக்கலாமா?
– வாசகி, சுங்கை பீசி

கூடாது. அட்டை ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து தோணி போல வளைந்துவிடும், மேல்தாளும் உரியத் தொடங்கும். ஏர்கோன் ஓடும் அறையில் ஒரே அடுக்காகப் பரப்பி ஓர் இரவு விடுங்கள். பிறகு ஜிப் பையில் போட்டு, இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மேல்தாள் உரிந்த துண்டுக்குப் பல்குத்தும் குச்சியின் நுனியில் துளி வெள்ளைப் பசை தொட்டு, மேலே கனமான புத்தகம் வைத்தால் போதும். பூஞ்சை பிடித்ததைத் தனியே எடுத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். வாடை போகாவிட்டால் தூக்கிப் போடுங்கள், மற்றவற்றுக்கும் பரவும்.

பாதி முடித்த புதிரை இரவில் துணி போட்டு மூடுங்கள். பல்லி உள்ள வீட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முடித்ததைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். ஆறு மாதத்தில் நடுவில் உப்பிவிட்டது. எங்கே தவறு?
– வாசகர், கெப்போங்

பசையில் தண்ணீர் கலந்திருப்பீர்கள், அல்லது பின்பலகை இல்லாமல் சட்டத்துக்குள் செருகியிருப்பீர்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால் அட்டை அந்தப் பக்கம் விரியும். தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் நடுவில் தூக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். புதிருக்கு அடியில் மெழுகுத்தாள் நுழையுங்கள். மாவுக்கட்டையால் ஒருமுறை உருட்டித் துண்டுகளைச் சமப்படுத்துங்கள். தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள். 70 × 50 செ.மீ. புதிருக்குத் தண்ணீர் கலக்காத வெள்ளைப் பசை 50 முதல் 60 மில்லி போதும். நடுவில் ஊற்றி, பழைய வங்கி அட்டையால் வெளிப்பக்கமாக இழுங்கள். இடுக்குகளில் இறங்க வேண்டும், மேலே குளம் கட்டக் கூடாது. காய்ந்தால் நிறமற்றுப் போகும். மின்விசிறிக் காற்றில் நான்கு மணி நேரம் விட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துத் திருப்பி, பின்பக்கமும் அதே அளவு பூசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு பசை இருந்தால் இழுப்பும் சமமாக இருக்கும். மறுநாள் 5 மி.மீ. நுரை அட்டையில் ஒட்டி, மேலே கனம் வைத்து ஓர் இரவு விடுங்கள்.

சட்டக் கடையில், கண்ணாடிக்கும் புதிருக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி நேராகப் படத்தின் மேல் படிந்தால் ஈரம் அங்கேயே தங்கிக் கறை பிடிக்கும். மாலை வெயில் விழும் சுவரில் மாட்டினால் முதலில் சிவப்பு வெளுக்கும். வெளுத்த நிறம் திரும்ப வராது.

எழுபது வயது அம்மாவுக்கு வாங்க வேண்டும். 1000 துண்டு வாங்கலாமா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

500 வாங்குங்கள். முடிந்தால் உருவங்களுக்கு அடர்ந்த நீலம், சிவப்பு, பச்சை உள்ள படமாகப் பாருங்கள். முழுக்கப் பழுப்பானது முதல் புதிருக்கு ஆகாது. 500 என்றால் ஏறக்குறைய 49 × 36 செ.மீ. தான், சாப்பாட்டு மேசையில் பாதி இடம் போதும். 90 × 60 செ.மீ. ஒட்டுப்பலகை ஒன்றை ஹார்ட்வேர் கடையில் வெட்டி வாங்கி அதன்மேல் போடச் சொன்னால், விருந்தாளி வரும்போது கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். பளபளப்பான மேற்பரப்பைத் தவிருங்கள், விளக்கு பட்டு எழுத்து தெரியாது. பெட்டிக்குள் தனியாகப் பெரிய படம் இருந்தால் இன்னும் நல்லது, மூடியில் உள்ள சின்னப் படத்தில் இலத்தீன் எழுத்தை யாராலும் படிக்க முடியாது.

கடைசியில் ஒரு துண்டு இல்லை. என்ன செய்வது?
– வாசகர், ஸ்தாப்பாக்

சோபா இடுக்கு, பெட்டி மூடியின் மடிப்பு, தூசி உறிஞ்சியின் பை, சட்டையின் மடித்த கை. எங்கும் இல்லையென்றால் நீங்களே செய்துவிடலாம். ஓட்டையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் விளிம்பு பதியும். சத்துமாவுப் பெட்டி அட்டையை நான்கு அடுக்கு ஒட்டினால் ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன் வரும். பசை முழுக்கக் காய்ந்தபின் புதுப் பிளேடு போட்ட வெட்டுக்கத்தியால், கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை விட்டு வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்துங்கள்.

படத்துக்குப் பெட்டி மூடியை ஸ்கேன் செய்து பெரிதாக்கலாம். மூடியில் படம் 35 செ.மீ. அகலம், புதிர் 70 என்றால் 200 விழுக்காடு. அச்சு சற்று மங்கும். விடுபட்டது வெற்று வானத் துண்டு என்றால் அச்சே வேண்டாம். ஆறிய தே-ஓவில் தூரிகையைத் தொட்டு வெள்ளைத் தாளில் இரண்டு முறை பூசினால் அந்தப் பழுப்பு வந்துவிடும். காய்ந்த பிறகு 0.1 மி.மீ. கறுப்புப் பேனாவால் கோட்டைத் தொடருங்கள். தே-ஓவில் சீனி போடாதீர்கள், எறும்பு வரும்.